கறையில் பிறந்த மலை

ஐப்பசி மாதத்தில் கோமுகி அணைக்கரையில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை ஒரே மலையாகத் தெரியாது. முதலில் ஒரு பச்சை. அதன் பின்னால் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு வரி. அதற்கும் பின்னால் வானத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு சாம்பல். நடுநடுவே மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் நடு வரி காணாமல் போகும். கடைசி வரி இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும் நிற்கும். பென்சிலைச் சீவி மரம் மரமாக வரையத் தொடங்குகிறவருக்கு இந்த மலை பிடிபடாது. தாளை நனைத்து, தூரிகை நிறைய வண்ணம் எடுத்து, ஈரத்தின் மேல் ஈரத்தை விட்டு, அது பரவும் போக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் கொஞ்சமாவது கிடைக்கும்.

நீர்வண்ணம் தீட்டுகிறவர்கள் பலர் இன்று நாளின் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறார்கள். கோடு கிடையாது, திட்டம் கிடையாது. சின்னத் தாளில் ஒரு வானம், ஒரு மலைவரி, கீழே கொஞ்சம் ஈரத் தரை. பத்துப் பதினைந்து நிமிடம். மூச்சு சீராகும், தோள் தளரும், கை இளகும். அதன் பிறகே பெரிய படத்துக்கான தாளை எடுப்பார்கள். விற்பதற்கோ சட்டம் போட்டு மாட்டுவதற்கோ செய்வதில்லை என்பதால், பெரிய ஓவியத்திலிருந்து உதிர்ந்த சில்லறை வேலை இது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். வரலாறு வேறு மாதிரி நடந்திருக்கிறது. மூட்டமும் ஒளியுமாக இன்று நாம் அறிந்த நிலக்காட்சி ஓவியத்தின் வேரே இந்தச் சில்லறை வேலையில்தான் இருக்கிறது.

அந்த வேரைத் தோண்டிப் போனால் ஒரு பழைய சுவரில் போய் முட்டும். பதினோராம் நூற்றாண்டுச் சீனாவில் சோங் தி என்றோர் ஓவியர் இருந்தார். ஆறும் மலையும் மூடுபனியும் கலந்த காட்சிகளுக்குப் பெயர் பெற்றவர். சக ஓவியர் ஒருவரின் நிலக்காட்சியில் கைத்திறன் இருக்கிறது, இயல்பு இல்லை என்று அவருக்குப் பட்டது. அதற்கு ஒரு வைத்தியமும் சொன்னார். இடிந்த சுவர் ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். அதன் மேல் வெள்ளைப் பட்டுத்துணியை விரிக்க வேண்டும். காலையும் மாலையும் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேடு மலையாகும், பள்ளம் நீராகும், விரிசல் ஓடையாகும். மனம் அதற்குள் போய் நடமாடத் தொடங்கியதும் தூரிகையை எடுக்கலாம். ஷென் குவோ என்ற அறிஞர் தம் குறிப்புநூலில் இதைப் பதிந்து வைத்ததால் இன்றுவரை கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய 400 ஆண்டு கழித்து இத்தாலியில் லியனார்டோ டாவின்சியும் சுவர்க்கறைகளைப் பார்க்கச் சொன்னார்; அவற்றில் மலைகளும் போர்களும் முகங்களும் தெரியும் என்று எழுதினார். ஒருவர் மற்றவரைப் படித்திருக்க வழியில்லை. பாசி படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த குழந்தை எந்த ஊரில் இருந்தாலும் இதைத் தானாகவே கண்டுபிடிக்கும்.

ஆனால் பார்ப்பது வேறு, செய்வது வேறு. சுவர் தானாகக் கறைபட்டது. கறையை வேண்டுமென்றே உண்டாக்கி அதிலிருந்து நிலக்காட்சியை எடுக்கலாம் என்று ஒரு முறையாகவே வகுத்துக் கொடுத்தவர் அலெக்சாண்டர் கோசன்ஸ். 1717 வாக்கில் ரஷ்யாவில் பிறந்த ஆங்கிலேயர். அப்பா பேரரசர் பீட்டருக்குக் கப்பல் கட்டியவர். மகன் இங்கிலாந்தில் ஓவிய ஆசிரியர் ஆனார். 1760களில் ஈட்டன் பள்ளியில் பையன்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார்.

ஓவிய வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரிந்த ஒரு துன்பம் உண்டு. திறமையான மாணவர்தான் அதிகம் திணறுவார். பார்த்து வரை என்றால் அச்சு மாதிரி வரைவார். உன் மனத்திலிருந்து ஒரு மலை வரை என்றால் கை நடுங்கும். கோசன்ஸ் அப்படிப்பட்ட மாணவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஓர் அழுக்குத் தாள் கிடந்தது. அதில் படிந்திருந்த கறைகளைப் பார்த்தவாறே அதன் மேலேயே ஒரு நிலக்காட்சியை வரைந்து காட்டினார். அப்போதுதான் உறைத்தது: தற்செயலாக விழுந்த கறை, தானாக எண்ணித் தோற்றுவிக்க முடியாத மலைகளையெல்லாம் கைக்குக் கொண்டுவருகிறது. பிறகு தாளில் மையை லேசாகப் பூசி மாணவரிடம் நீட்டினார். மாணவர் தடையில்லாமல் வரைந்தார்.

இந்தக் கண்டுபிடிப்பை அவர் வாழ்வின் கடைசியில், 1785-86 வாக்கில், சிறு நூலாக வெளியிட்டார். அதில் சொல்லப்பட்ட முறையை இன்று எந்தப் பட்டறையிலும் அப்படியே சொல்லிக்கொடுக்கலாம். எப்படிப்பட்ட இடம் என்பதை மட்டும் மனத்தில் அழுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்: மலை உச்சியா, சமவெளியா, நீர்நிலையா. பிறகு பெரிய தூரிகையில் மை எடுத்து மிக வேகமாக, வடிவங்களைப் பற்றிக் கவலைப்படாமல், தாளில் விளாச வேண்டும். தாளை முன்பே கையால் கசக்கிப் பிரித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மடிப்புகளில் மை தன் விருப்பத்துக்கு ஓடும். காய்ந்ததும் மேலே மெல்லிய தாள் ஒன்றை வைத்து, கறை எதைக் காட்டுகிறதோ அதை மட்டும் வரைந்தெடுக்க வேண்டும். கறையில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. தாள் சொல்வதைக் கேட்பது என்பது சோம்பல் இல்லை, கடினமான ஒழுக்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஊர் சிரித்தது. ஊருக்கெல்லாம் கறை போடும் தலைமை அதிகாரி என்று சக ஓவியர் ஒருவர் பட்டம் சூட்டினார். ஆனால் அந்த நூலில் 20 வகை வானங்களையும் கோசன்ஸ் அச்சிட்டிருந்தார். பின்னாளில் மேகங்களை வரைவதில் ஈடிணையற்றவரான ஜான் கான்ஸ்டபிள் அந்த வானங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பிரதி எடுத்துப் பழகினார். சிரித்தவர்களுக்கு அதைவிட நல்ல பதில் தேவையில்லை.

கோசன்ஸின் மகன் ஜான் ராபர்ட் கோசன்ஸ். அப்பா மையில் செய்ததை மகன் நீர்வண்ணத்தில் செய்தார். ஆல்ப்ஸ் மலைகளுக்கும் இத்தாலிக்கும் இரு முறை பயணம் போய், நீலச் சாம்பலிலும் மங்கிய பச்சையிலும் அவர் தீட்டிய மலைகளில் பாறையைவிடக் காற்றுதான் அதிகம் இருக்கும். 1794இல் அவருக்கு மனநலம் குலைந்தது. அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் தாமஸ் மன்றோ ஓவியப் பித்தர். மன்றோவின் வீட்டில் மாலை 6 மணி முதல் 10 மணி வரை இளைஞர்கள் சிலர் உட்கார்ந்து கோசன்ஸின் படங்களைப் பிரதி எடுப்பார்கள். அவர்களில் இருவர் 1775இல் பிறந்தவர்கள்: தாமஸ் கர்டின், ஜே. எம். டபிள்யூ. டர்னர். கர்டின் கோடு போடுவார். டர்னர் அதன் மேல் வண்ணநீரை ஓடவிட்டு ஒளியையும் மூட்டத்தையும் கொண்டுவருவார். டர்னருக்கு இரவொன்றுக்கு மூன்றரை ஷில்லிங் கூலி, இராச்சாப்பாடு தனி. சுயபுத்தி இழந்து கிடந்த ஒரு மனிதரின் மலைகளிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் இரவு இரவாகக் கை பழகிக்கொண்டிருந்தான். நீர்வண்ண வரலாற்றில் என்னை மிகவும் கலங்கவைக்கும் இடம் இது.

டர்னர் அந்தப் பழக்கத்தை வாழ்நாள் முழுதும் விடவில்லை. தாளைப் பலகையில் ஒட்டி, பலகையோடு தண்ணீரில் முக்கியெடுத்து, சொட்டச் சொட்ட இருக்கும்போதே வண்ணத்தை விடுவார். ஒன்று ஊறும்போது இன்னொன்று. 1818இல் நண்பர் ஃபாக்ஸின் வீட்டில் அவர் ஒரு போர்க்கப்பலைத் தீட்டியதை அந்த வீட்டுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். தாள் ஊறும்வரை வண்ணத்தை ஊற்றினார், கிழித்தார், சுரண்டினார், தேய்த்தார், எல்லாம் ஒரே குழப்பமாக இருந்தது. பிறகு மந்திரம் போட்டதுபோல் கப்பல் வெளியே வந்தது என்று பின்னாளில் சொன்னான். காலையுணவுக்குப் பின் தொடங்கியது மதிய உணவுக்கு முன் முடிந்துவிட்டது.

அவர் 1851இல் இறந்தபின் வீட்டிலிருந்த ஆயிரக்கணக்கான தாள்கள் நாட்டுக்குச் சேர்ந்தன. அவற்றில் நூற்றுக்கணக்கானவை இரண்டு மூன்று வண்ணப் பட்டைகள் மட்டுமே. மேலே ஒரு மஞ்சள், கீழே ஒரு நீலம், நடுவில் மலையாகவோ கரையாகவோ ஆகக்கூடிய ஒரு கசிவு. எதற்கும் பெயரில்லை, கையெழுத்தில்லை. அவர் உயிரோடு இருந்தவரை யாருக்கும் காட்டியதும் இல்லை. 1909இல் ஃபின்பெர்க் என்ற ஆய்வாளர் அவற்றையெல்லாம் வகைப்படுத்திப் பட்டியலிட்டபோது, இவற்றை வண்ணத் தொடக்கங்கள் என்று ஒரு தலைப்பின் கீழ் சேர்த்தார். இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் அந்தத் தொடக்கங்களைப் பார்க்க மக்கள் போகிறார்கள். முடித்த படங்களைவிட இவைதான் பிடிக்கிறது என்று சொல்கிறவர்கள் ஏராளம். நானும் அந்தக் கட்சிதான்.

இப்படி ஓடும் நீரில் விளையாட வசதி செய்து கொடுத்தவர்களை மறக்கக் கூடாது. அதுவரை ஓவியரே வண்ணக்கல்லை அரைத்து வேலமரப் பிசினோடு குழைக்க வேண்டும். 1780 வாக்கில் லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் அதை அச்சில் வார்த்த வில்லையாக்கி விற்றார்கள். அடுத்த ஆண்டே அதற்குப் பரிசும் வாங்கினார்கள். 1830களில் வின்சர் அண்ட் நியூட்டன் கிளிசரின் சேர்த்து, தொட்டதும் இளகும் வண்ணத்தைக் கொண்டுவந்தது. 1840களில் உலோகக் குழாய் வந்தது. அதற்கெல்லாம் முன்பே ஜேம்ஸ் வாட்மனின் தாள் வந்திருந்தது. பசை ஏற்றி இறுக்கமாகச் செய்த அந்தத் தாள் நனைத்தாலும் தேய்த்தாலும் சுரண்டினாலும் தாங்கும். டர்னரின் முரட்டுத்தனத்தைத் தாங்கியதில் பாதிப் பெருமை அந்தத் தாளுக்குப் போகும்.

நீலத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. மலை தீட்ட அல்ட்ராமரின் இல்லாமல் முடியாது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானில் வெட்டியெடுத்த நீலக்கல்லை அரைத்துச் செய்த அந்த நீலம் ஒரு காலத்தில் தங்கத்தோடு போட்டிபோட்டு விலை போனது. அதை யார் தூக்கி வானத்தில் கொட்டுவார்கள்? 1828இல் பிரான்சில் கிமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்யும் வழிக்காகப் பரிசு பெற்றார். அதன்பின் அது துணி வெளுக்கும் நீலப்பொடியாகக்கூட வரும் அளவுக்கு மலிந்தது. தூக்கியெறியப் போகிற ஒரு தாளில் தாராளமாக நீலம் விடலாம் என்ற துணிச்சல் அந்த மலிவோடு சேர்ந்து பிறந்தது.

இந்த வண்ணப்பெட்டிகள் கப்பலேறி சென்னைக்கும் வந்தன. ஆனால் நம் பக்கம் வந்தது டர்னரின் ஈரம் இல்லை, கோட்டின் இறுக்கம். 1780இல் வில்லியம் ஹாட்ஜஸ் சென்னையில் வந்திறங்கினார். ஹைதர் அலியின் படை சூழ்ந்திருந்ததால் ஊரைவிட்டு அதிகம் நகர முடியாமல் வங்காளத்துக்குப் போனார். 1792-93இல் தாமஸ் டேனியலும் சகோதரர் மகன் வில்லியமும் தென்னாடு முழுக்க வலம்வந்தார்கள். கேமரா அப்ஸ்குரா என்ற இருட்டுப்பெட்டியில் விழும் காட்சியைப் பென்சிலால் பிசகில்லாமல் பிடித்து, மேலே மெல்லிய வண்ணம் தடவி எடுத்துப் போனார்கள். அழகான படங்கள்தாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் கோட்டையும் கோயிலும் கணக்காக நிற்கும், காற்று அசையாது.

கும்பெனியின் படை அதிகாரிகளுக்கும் இதே படிப்புதான். லண்டன் அருகே அடிஸ்கோம் ராணுவப் பள்ளியில் 1809 முதல் இந்தியாவுக்கு வரும் இளம் அதிகாரிகளுக்கு நில அமைப்பை வரையக் கற்றுக்கொடுத்தார்கள். குன்று எவ்வளவு சரிவு, மதில் எங்கே வளைகிறது, பீரங்கி எங்கே ஏற்றலாம் என்பதற்குத்தான் அந்த ஓவியம். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே இருக்கும் தியாகதுருகம் மலைக்கோட்டை கர்நாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் மாறி மாறி முற்றுகை கண்ட இடம். அப்படிப்பட்ட கண்ணுக்குத் தியாகதுருகம்தான் மலை. அதற்குப் பின்னால் மேற்கே நீலமாகக் கிடக்கும் கல்வராயன் வெறும் எல்லைக்கோடு. மூடுபனி என்றால் அவர்களுக்கு இடைஞ்சல்.

1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கினார். அங்கும் நெடுங்காலம் கைத்தொழிலும் பார்த்து வரைதலுமே பாடம். இறுக்கம் தளர இன்னொரு திசையிலிருந்து ஈரக்காற்று வர வேண்டியிருந்தது.

அது ஜப்பானிலிருந்து கல்கத்தா வழியாக வந்தது. யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு இளம் ஓவியர்கள், தங்கள் குரு ஒக்காகுரா காட்டிய வழியில், கோடே இல்லாமல் வண்ணத்தின் படிநிலைகளால் மட்டுமே ஈரக்காற்றையும் மழையையும் தீட்ட முயன்றார்கள். டோக்கியோவில் அதற்குக் கேலிதான் கிடைத்தது; தெளிவில்லாத, மங்கிப்போன பாணி என்றார்கள். 1903இல் இருவரும் கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தோடு தங்கினார்கள். தைக்கான் அகலத் தூரிகையால் தாளின் மேல் தண்ணீரைத் தடவித் தடவி வேலை செய்வதை அபனீந்திரநாத் தாகூர் கவனித்தார். ஒரு படி மேலே போய், தம் படத்தை அப்படியே தண்ணீரில் முக்கியெடுத்தார். வண்ணம் இளகித் தாளோடு தாளாகப் படிந்தது. மேலே மீண்டும் வண்ணம், மீண்டும் தண்ணீர். வாஷ் என்று நம் ஓவியர்கள் இன்றும் சொல்லும் முறை அப்படிப் பிறந்தது. டர்னர் பலகையோடு முக்கியதும் அபனீந்திரர் படத்தோடு முக்கியதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செயல்கள். சோங் தியும் லியனார்டோவும் தனித்தனியாக ஒரே சுவருக்கு வந்து சேர்ந்த மாதிரிதான்.

அபனீந்திரநாத்திடம் ஓவியம் கற்றவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றுதான் நாம் அவரை அறிவோம். ஆனால் மலை மக்களையும் மூட்டத்தையும் நீர்வண்ணத்தில் கண்டவரும் அவரே. வாஷ் சென்னைக்கு அவரோடு வந்தது. அவர் காலத்தில் அங்கே படித்த எஸ். ராஜம் வாஷ் முறையிலேயே வாழ்நாளெல்லாம் தீட்டினார். அவர் கர்நாடக இசைக் கலைஞரும்கூட. பாடகர் விடிகாலையில் அகாரம் பிடித்துத் தொண்டையைப் பதப்படுத்திக்கொள்கிறாரே, அந்த நேரத்து ஸ்வரங்களுக்குக் கச்சேரியில் இடமில்லை, ஆனால் கச்சேரி அவற்றின் மேல்தான் நிற்கிறது. இரண்டு கலையும் கைவந்த ஒருவருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

1936இல் கே. சி. எஸ். பணிக்கர் அந்தப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கி, சொற்களும் குறியீடுகளும் நிறைந்த நவீன ஓவியத்துக்குப் போனவர் அவர். ஆனால் தொடக்கத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை நீர்வண்ண நிலக்காட்சிகள்: வாய்க்கால், தென்னை, ஈர வெளிச்சம். திறந்தவெளியில் உட்கார்ந்து வெயில் மாறுவதற்குள் முடிக்கிற பழக்கம் அந்தப் பள்ளியிலிருந்து தமிழ்நாட்டின் ஓவிய ஆசிரியர்கள் வழியாக ஊர் ஊராகப் பரவியது. 1931இல் தொடங்கிய கேம்லின் நிறுவனத்தின் ஒட்டகப் படம் போட்ட வண்ணப்பெட்டி பள்ளிக்கூடத்துப் பைகளுக்குள் போய்ச் சேர்ந்ததும் இந்தப் பரவலில் சேர்த்தி.

இனி மலைக்கு வருகிறேன். கல்வராயன் கொடைக்கானல் மாதிரி உயர்ந்து மிரட்டும் மலை இல்லை. 2,000, 3,000 அடி உயரங்களில் நீண்ட முதுகுகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை. கச்சிராயபாளையம் தாண்டி ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. சாமைக் கொல்லைகள், மரவள்ளி, கடுக்காய் மரங்கள். சிகரம் என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லாததே கை இளக்க வருகிறவருக்கு இந்த மலை தரும் பெரிய உதவி. எதையும் துல்லியமாகப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரிகள் மட்டும்தான்.

இந்த ஊரில் நின்று கொஞ்சம் தளர்வாகத் தீட்டுவதற்குத் தைரியம் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களின் ஊர். 2021இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விரல்நகம் அளவுக் கண்மணியையும் உளியால் எடுத்துக் காட்டுகிற கைகளைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு, ஓடிக் கலங்கிய ஒரு நீலம் வேலையாகவே தெரியாது. வெள்ளிமலையில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா சார், மலையவே காணோம், வெறும் தண்ணியால்ல இருக்குது?" என்றார். நிமிர்ந்து எதிரே காட்டினேன். மேகம் இறங்கி மலையை மூடியிருந்தது. "அங்கயும் அப்படித்தானே இருக்குதுங்கண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சரி, அது வெளிய வந்தா இதுலயும் வருமா?" என்று கேட்டார். கோசன்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வரும். அதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு. மலை மேல்விளிம்பில் தெளிவாகவும் அடியில் கரைந்தும் இருக்கும். மூட்டத்தின் ரகசியம் முழுக்க அதில்தான். தூர மலையின் மேல்விளிம்பைக் காய்ந்த தாளில் ஒரே இழுப்பாக விட்டு, உடனே சுத்தமான நீர்த் தூரிகையால் அடிப்பக்கத்தைத் தொட்டால் வண்ணம் கீழ்நோக்கிக் கசிந்து ஒன்றுமில்லாமல் போகும். அது காய்ந்ததும் முன்மலை, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. தூரத்துக்கு அல்ட்ராமரினில் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்த சாம்பல் நீலம். பக்கத்துக்கு அதே இரண்டில் சியன்னா கூடுதலாக. அல்ட்ராமரின் துகள்கள் தாளின் குழிகளில் போய்த் தங்கும். அந்தப் பொரிப்பொரியான படிவே பாதி மூடுபனியைச் செய்துவிடும். பர்ன்ட் சியன்னா என்பது இரும்புத்துரு ஏறிய மண்ணைச் சுட்டது. கரியாலூர்ச் சாலையோரச் செம்மண்ணும் அதன் உறவுதான். கண்முன்னே இருக்கும் மண்ணின் நிறத்தையே தூரிகையில் எடுக்கிறோம்.

ஈரத்தின் நேரம்தான் முழுக் கல்வியும். தாள் பளபளவென்று இருக்கும்போது விடும் வண்ணம் மேகமாகும். பளபளப்பு அடங்கி ஈரம் மட்டும் இருக்கும்போது விட்டால் மங்கிய மரக்கூட்டம் ஆகும். இரண்டுக்கும் நடுவில் அதிக நீருள்ள தூரிகையால் தொட்டுவிட்டால் அந்த நீர் படிந்த துகள்களை வெளியே தள்ளி, காலிஃப்ளவர் பூத்ததுபோல் விளிம்பு கட்டிவிடும். சித்திரையில் கள்ளக்குறிச்சிக் கடைவீதி மொட்டைமாடியில் இந்தக் கட்டங்கள் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். தாளின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொண்டால்தான் தாக்குப்பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளிமலையில் நேர்எதிர். காற்றே ஈரம். ஒரு பூச்சு காய்வதற்குள் ஒரு டீ குடித்து, இன்னொரு தாளில் இன்னொரு வானமும் முடித்துவிடலாம். அந்தக் காத்திருப்பில்தான் மனம் ஓய்வெடுக்கிறது. செய்ய ஒன்றும் இல்லை, ஆனால் பார்க்க நிறைய இருக்கிறது.

வண்ணமே வேண்டாம், கோசன்ஸ் போல ஒரே மையில் பழகலாம் என்பவர்களுக்கு இந்த மலை இன்னொன்றும் தருகிறது. கடுக்காய் இங்கே பழைய காட்டுப்பொருள். தோலை நசுக்கி இரவெல்லாம் நீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் துருப்பிடித்த ஆணிகள் சிலவற்றைப் போட்டு வைத்தால், கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடி நீலம் பாய்ந்த கறுப்பு கிடைக்கும். கலம்காரி கறுப்பின் வேதியியலும் இதுவே. நீர் விட்டு இளக்கினால் அருமையான மழைச் சாம்பல். நாள்பட்டால் இந்த மை தாளை அரிக்கும் என்பதால் காலத்துக்கும் வைக்கும் படத்துக்கு உதவாது. கை இளக்கும் தாளுக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். எறியப் போகிற தாள்தானே என்று மலிவுத் தாளில் இதைச் செய்யாதீர்கள். சாதாரண டிராயிங் நோட்டுத் தாள் நீரை உறிஞ்சிச் சுருண்டுவிடும். ஈரம் ஓடிக் கலக்கவே இடம் தராது, பழக வேண்டியது எதுவோ அது நடக்கவே நடக்காது. 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் ஒன்றை வாங்குங்கள். 22க்கு 30 அங்குல முழுத்தாளை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் பதினொன்றுக்கு ஏழரை அங்குலம் வரும். பின்பக்கமும் தீட்டலாம். ஒரு தாளின் விலையில் பதினாறு மலைகள்.